ஏற்றத்தின் மறுமுனை

புதுக்கோட்டை

அன்புள்ள பேத்திக்கு,

நியூட்ரினோ என்ற துகளுக்கு நிறை உண்டென்றால் அது ஏன் இத்தனை குறைவு என்று கேட்டிருந்தாய். இயற்பியலாளர்கள் இன்னும் விடாமல் துரத்தும் கேள்வி அது.

எலக்ட்ரானே மிக லேசான துகள். அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூட நியூட்ரினோவின் நிறை எட்டாது என்று ஜெர்மனியின் காட்ரின் சோதனை காட்டியிருக்கிறது. ஆனால், ஒருவகை நியூட்ரினோ வழியிலேயே இன்னொரு வகையாக மாறுவதை 1998இல் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே ஆய்வகம் கண்டது. எல்லா வகைக்கும் நிறை சுழியமாக இருந்தால் இந்த மாற்றம் நடக்காது.

சங்கில் இடம்புரி, வலம்புரி இருப்பதுபோலத் துகள்களிலும் இரண்டு வடிவம் உண்டு. வெளியெங்கும் பரவியிருக்கும் ஹிக்ஸ் புலம் இரண்டையும் இணைக்கும்போதுதான் எலக்ட்ரானுக்கு நிறை பிறக்கிறது. ஒரு கை தட்டினால் ஓசை வராதே! நியூட்ரினோவிலோ இடம்புரி மட்டுமே நம் கருவிகளுக்குச் சிக்கியிருக்கிறது. வலம்புரியும் உண்டு, ஹிக்ஸின் பிடிதான் மிக மெல்லியது என்று சொல்லலாம். சொன்னால், பிடி ஏன் அவ்வளவு மெல்லியது என்ற கேள்வி மிஞ்சும்.

1977இல் இயற்பியலாளர் பீட்டர் மின்கோவ்ஸ்கி வேறு வழி காட்டினார். 1979, 80இல் யானகிடா, கெல்மான், ஒடிசாவில் பிறந்த ரவீந்திர மொகபாத்ரா முதலியோரும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். வலம்புரி நியூட்ரினோவை மின்விசையோ அணுக்கரு விசைகளோ தொடுவதில்லை. அதனால் ஹிக்ஸின் தயவில்லாமலே அது பெருங்கனம் கொண்டிருக்கத் தடையில்லை. அது கனக்கக் கனக்க, இடம்புரி லேசாகும். சிறுவர் ஏறி விளையாடும் சீசாப் பலகையை வைத்து, இதற்குச் சீசா பொறிமுறை என்று பெயர்.

எனக்கு நினைவுக்கு வருவது கிணற்று ஏற்றம். சின்ன வயதில் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன். சால் தொங்கும் முனை மேலெழுவது மட்டும் தெரியும். மறுமுனையில் ஆள் மிதிக்கிறார் என்பது பார்க்காமலே புரியும். நியூட்ரினோவின் லேசும் அப்படியொரு தடயம்தான்.

சீசா பொறிமுறை உண்மையானால் நியூட்ரினோவும் அதன் எதிர்த்துகளும் ஒன்றே. அப்போது சில அணுக்கருக்கள், நியூட்ரினோவே வெளிவராமல் இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் உமிழ வேண்டும். ஜப்பானின் கமியோகா சுரங்கத்தில் செனானை வைத்துத் தேடினார்கள், இதுவரை அகப்படவில்லை. தமிழர் பலர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடம் தெரிந்தது. நியூட்ரினோத் தேடல் நமக்கும் அந்நியமல்ல.

சீசா பொறிமுறைப்படி இடம்புரியின் நிறைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார். ஹிக்ஸ் தரும் நிறை 100 புரோட்டான் அளவு என்று கொள். அதை அதனாலேயே பெருக்கி, வலம்புரியின் நிறை 200 லட்சம் கோடி புரோட்டான் என்று வைத்து வகு. ஒரு புரோட்டான் 1,836 எலக்ட்ரானுக்குச் சமம். விடை எலக்ட்ரானில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு வருகிறதா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
தாத்தா