கைப்பேசி பிறக்கும் மண்

நுழையும்முன்

ஒரு தொழில் ஓர் ஊருக்கு வருவதும் அங்கிருந்து விலகுவதும் அவ்வூரார் கையில் மட்டும் இல்லை. உலகச் சந்தையில் கைப்பேசியின் வடிவம் மாறும்போது, தமிழ்நாட்டுச் சிற்றூர்க் குடும்பங்களின் மாத வருவாயும் மாறுகிறது. திருப்பெரும்புதூரில் கைப்பேசித் தொழில் தழைத்ததையும் தளர்ந்ததையும், பின்னர் மீண்டதையும் இப்பாடம் விளக்குகிறது.

மலையடிவாரமும் தொழிற்சாலையும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் அமைந்துள்ளது. அங்குள்ள மலைப்பாறையில் தொல்பழங்கால மனிதர் கீறிய உருவங்கள் காணப்படுகின்றன. சுற்றிலும் நெல்லும் மணிலாவும் விளையும் நிலங்கள். மழை பொய்த்த ஆண்டில் வயல் வேலை குறைந்துவிடும். திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களின் இளைஞர்கள், குறிப்பாகப் பள்ளிப்படிப்பையோ பட்டயப்படிப்பையோ முடித்த பெண்கள், செங்கல்பட்டு வழியாக ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் வேலை தேடிச் செல்வது இன்று வழக்கமாகிவிட்டது. அவர்களுள் பலருக்கு அதுவே வாழ்வின் முதல் மாதச்சம்பளம். தம்பி தங்கையரின் படிப்பும் வீட்டுக் கடனும் அதனை நம்பியே இருக்கின்றன.

நோக்கியாவின் எட்டாண்டுகள்

பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசுடன் உடன்பாடு செய்துகொண்டது. 2006 சனவரியில் திருப்பெரும்புதூர்ச் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உற்பத்தி தொடங்கியது. அக்காலத்தில் உலகில் விற்ற கைப்பேசிகளுள் மூன்றில் ஒன்றுக்கும் மேல் நோக்கியாவினுடையது. உச்சநிலையில் ஏறத்தாழ 8,000 பேர் அவ்வாலையில் நேரடியாகப் பணியாற்றினர். உறுப்புகளை வழங்கும் துணை நிறுவனங்களும் அதனைச் சூழ்ந்து எழுந்தன.

அந்நிலையில் உலகம் வேறு திசையில் திரும்பியது. 2007-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வெளிவந்தது; அடுத்த ஆண்டே ஆண்ட்ராய்டு இயங்குதளம் கொண்ட முதல் கைப்பேசியும் விற்பனைக்கு வந்தது. அதுவரை மக்கள் கைப்பேசியின் உறுதியையும் மின்கலத்தின் ஆயுளையும் பார்த்து வாங்கினர். இனி அதில் எத்தனை செயலிகள் இயங்கும் என்று கேட்கத் தொடங்கினர். கருவியைச் செம்மையாகச் செய்யும் நிறுவனத்தைவிட, செயலி எழுதுவோரைத் தன்பால் ஈர்க்கும் நிறுவனமே வென்றது. நோக்கியாவின் சிம்பியன் இயங்குதளம் இப்போட்டியில் பின்தங்கியது. விசைப்பலகைக் கைப்பேசிகளையே பெரிதும் உருவாக்கிய திருப்பெரும்புதூர் ஆலைக்குத் தேவை சுருங்கியது.

இதனோடு வரி வழக்கும் சேர்ந்துகொண்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கியபோது, வழக்கில் சிக்கியிருந்த இவ்வாலை அவ்விற்பனையில் சேர்க்கப்படவில்லை. தொழிலாளர்களுள் பெரும்பாலோர் விருப்ப ஓய்வு பெற்று வெளியேறினர். 2014 நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது. அடுத்த மாதமே, உறுப்புகள் வழங்கிவந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் மூடப்பட்டது. இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே 'ஓய்வு' பெற்றவர்களைத் தமிழகம் அப்போது கண்டது.

தெரிந்து தெளிவோம்

உலகின் முதல் கையடக்கத் தொலைபேசி அழைப்பை மார்ட்டின் கூப்பர் 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் நகரில் விடுத்தார். இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு 1995 சூலை 31 அன்று கொல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இடையே நிகழ்ந்தது.

மீண்டும் ஒரு தொடக்கம்

2017-இல் இந்திய அரசு இறக்குமதிக் கைப்பேசிகளுக்குச் சுங்கவரி விதித்தது. 2020-இல் உற்பத்திசார் ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தது. அமெரிக்கா, சீனா நாடுகளுக்கிடையே எழுந்த வணிகப் பூசலும் பெருந்தொற்றுக் கால முடக்கமும், உற்பத்தி முழுவதையும் ஒரே நாட்டில் வைத்திருப்பதன் இடரை நிறுவனங்களுக்கு உணர்த்தின. 2019-இல் திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் உருவாகத் தொடங்கியது. 2022-இல் செங்கல்பட்டு அருகே மகேந்திரா தொழில்நகரில் பெகட்ரான் ஆலை திறக்கப்பட்டது. நோக்கியா விட்டுச்சென்ற கட்டடங்களில் சால்காம்ப் நிறுவனம் மின்னேற்றிகளைத் தயாரிக்கிறது. தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2020–21-இல் 166 கோடி டாலராக இருந்தது. 2023–24-இல் 956 கோடி டாலராக உயர்ந்தது.

இவ்வளர்ச்சியின் சுமையைத் தாங்குவோர் பெரும்பாலும் பெண்கள். 2021 திசம்பரில் விடுதி உணவால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் நோயுற்றபோது, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அவர்கள் மறியலில் இறங்கினர்; ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. கைப்பேசியின் கண்ணாடிக்கும் சில்லுக்கும் நுண்ணிய தர அளவுகளை வகுத்த தொழில், அதைச் செய்யும் கைகளுக்குரிய சோற்றையும் படுக்கையையும் காலம் தாழ்த்தியே கவனித்தது. 2024 ஆகத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 706.5 கோடி ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டது.

ஒருங்கிணைப்பும் உருவாக்கமும்

இந்தியாவில் விற்கும் கைப்பேசிகளுள் மிகப்பெரும்பகுதி இன்று உள்நாட்டிலேயே ஒருங்கிணைக்கப்படுகிறது. ஆயினும் அதன் விலையில் பெரும்பங்கு சில்லுக்கும் திரைக்கும் ஒளிப்படக் கருவிக்கும் உரியது. அவை தைவான், தென்கொரியா, சீனா முதலிய நாடுகளிலிருந்து வருகின்றன. ஒருங்கிணைப்பு மட்டும் நிகழும் ஆலையை வேறு நாட்டுக்குப் பெயர்த்துச் செல்வது எளிது. உறுப்பு ஆலைகளும் அச்சு செய்வோரும் நெருங்கிச் சூழ்ந்த சீனாவின் சென்சென் போன்ற நகரை அவ்வாறு பெயர்க்க இயலாது. மேலும், உலகத் திறன்பேசி விற்பனை 2016-ஐ ஒட்டி ஆண்டுக்கு 150 கோடியை நெருங்கிய பின் அவ்வளவைத் தாண்டி வளரவில்லை. வாங்கிய கருவியை மக்கள் நெடுநாள் வைத்துக்கொள்கின்றனர். இனிவரும் போட்டி எண்ணிக்கையில் இல்லை. உறுப்புகளை யார் செய்வது என்பதில் உள்ளது.

2025-இல் ஒன்றிய அரசு மின்னணு உறுப்பு உற்பத்திக்கு 22,919 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை அறிவித்தது; அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு அரசும் தனக்கெனத் தனித்திட்டம் வெளியிட்டது. மின்சுற்றுப் பலகை செய்தல், அச்சு வார்த்தல், தர ஆய்வு ஆகியன சில நாள் பயிற்சியில் கைவருவன அல்ல. தொழிற்பயிற்சி நிலையத்திலும் பலவகைத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் ஆண்டுக்கணக்கில் கற்க வேண்டியவை. திருகாணி பூட்டும் வரிசையில் சில ஆண்டுகள் நின்று திருமணத்தோடு ஊர் திரும்பும் பெண்ணிடம் சேமிப்பு மட்டுமே எஞ்சுகிறது. அச்சு வார்க்கக் கற்றவளுக்கு, ஓர் ஆலை மூடினாலும் அடுத்த ஆலையில் கேட்டுப்பெற ஒரு தொழில் இருக்கிறது.