ஹீட் பம்ப் மானியம்: செவிவழிக் கதைகளும் உண்மையும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எரிவாயு பாய்லர் போன்றவற்றுக்குப் பதிலாக, வீட்டைச் சூடாக்கும் மின்கருவியான ஹீட் பம்ப் பொருத்துவோருக்கு அரசு 7,500 பவுண்டு தருகிறது. அது கடன் அல்ல. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ‘பாய்லர் அப்கிரேட் ஸ்கீம்’ என்ற பெயரில் 2022 மே மாதம் விண்ணப்பங்கள் ஏற்கப்படத் தொடங்கின. அப்போது வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் வகைக்கு 5,000 பவுண்டு. 2023 அக்டோபர் 23 முதல் அது 7,500 ஆனது. இவ்வளவு காலம் ஆகியும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி விடும் நேரத்திலும் கோயில் சாப்பாட்டு வரிசையிலும் இதைப் பற்றிக் காதில் விழுவது வேறு. “அது உதவித்தொகை வாங்குறவங்களுக்குத்தான்.” “இல்லை, எல்லாருக்கும் முழுக்க இலவசம்.” “முதல்ல நாம கட்டணும், ஏழு வருஷத்துல திருப்பித் தருவாங்க.” “எல்லாம் ஏமாத்து.” ஒன்றுக்கொன்று முரணான இந்த நான்கும் ஒரே கூட்டத்தில், ஒரே உறுதியோடு சொல்லப்படுகின்றன. நான்கும் தவறு.

இவை வெறும் கற்பனையில் பிறந்தவை அல்ல என்பதுதான் சிக்கல். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த நாட்டு அரசு வெப்பமூட்டும் உதவித் திட்டங்களை மாற்றி மாற்றிக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு, பயனாளி வேறு. எங்கோ ஓர் உறவினர் ஏதோ ஓர் ஆண்டில் பட்ட அனுபவம், ஆண்டும் திட்டத்தின் பெயரும் உதிர்ந்துபோய், பொது உண்மையாக நம்மிடம் வந்து சேர்கிறது. ஆகவே ஒவ்வொரு நம்பிக்கையும் எந்தத் திட்டத்திலிருந்து வந்தது என்று பார்த்தால்தான் அதைக் களைய முடியும்.

“முழுத் தொகையையும் கையிலிருந்து கட்ட வேண்டும், அரசு தவணையாகத் திருப்பித் தரும்” என்பது பழைய திட்டத்தின் விதி. 2014 முதல் 2022 மார்ச் வரை நடந்த ‘ரினியூவபிள் ஹீட் இன்சென்டிவ்’ அப்படித்தான் இயங்கியது: வீட்டுக்காரர் செலவு செய்வார், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாக ஏழு ஆண்டுகள் பணம் வரும். அந்தத் திட்டம் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. இப்போதைய முறையில் வீட்டுக்காரர் விண்ணப்பிப்பதே இல்லை. பொருத்தும் நிறுவனம்தான் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமிடம் விண்ணப்பிக்கிறது. ஆஃப்ஜெம் அந்த நிறுவனத்துக்குப் பணம் தருகிறது. உங்களுக்கு வரும் விலைப்பட்டியலிலேயே 7,500 கழிக்கப்பட்டிருக்க வேண்டும். கழிக்காமல் “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒரு நிறுவனம் சொன்னால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

இந்த நடைமுறையில் வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று உண்டு. நிறுவனம் விண்ணப்பித்ததும் ஆஃப்ஜெம் உங்களை மின்னஞ்சலில் தொடர்புகொண்டு, “உங்கள் சார்பில் இந்த நிறுவனம் விண்ணப்பிக்க நீங்கள் சம்மதித்தீர்களா?” என்று கேட்கும். அந்த மின்னஞ்சலை மோசடி என்று எண்ணி அழித்துவிட்டால் விண்ணப்பம் அத்துடன் நின்றுபோகும். சந்தேகம் வருவது இயல்பு; பிள்ளைகள்கூட “தெரியாத மின்னஞ்சலைத் திறக்காதீர்கள்” என்றுதான் பெற்றோருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அதனால், விண்ணப்பம் எந்த நாள் அனுப்பப்படுகிறது என்பதை நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

“அது வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும்” என்ற பேச்சு ‘எக்கோ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இன்னொரு ஏற்பாட்டிலிருந்து வருகிறது. அதில் எரிசக்தி நிறுவனங்கள், பெரும்பாலும் அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களின் வீடுகளைத் தங்கள் செலவில் மேம்படுத்த வேண்டும். பாய்லர் அப்கிரேட் ஸ்கீமில் வருமான வரம்பே கிடையாது. மருத்துவரும் பெறலாம், கடை வைத்திருப்பவரும் பெறலாம், ஓய்வூதியரும் பெறலாம். இந்தத் தவறு யாரைப் பாதிக்கிறது என்று யோசிக்க வேண்டும். உதவித்தொகை வாங்கும் அளவு ஏழையும் அல்லாத, பன்னிரண்டாயிரம் பவுண்டை எடுத்துக் கொடுக்கும் அளவு வசதியும் இல்லாத நடுத்தரக் குடும்பங்கள், “நமக்குக் கிடைக்காது” என்று விசாரிக்காமலே விட்டுவிடுகின்றன. மானியத்தால் மிக அதிகம் பயன்பெறக்கூடியவர்கள் அவர்கள்தான். உண்மையிலேயே வருமானம் குறைந்தவர்கள், தங்கள் பகுதி கவுன்சிலிடம் வேறு உதவி உண்டா என்று முதலில் கேட்பது நல்லது. ஒரே ஹீட் பம்புக்கு இரண்டு அரசு உதவிகளைச் சேர்த்து வாங்க முடியாது.

எதிர்த்திசையில் ஓடும் வதந்தி “முழுக்க இலவசம்” என்பது. வீட்டு வாசலில் வந்து, கழுத்தில் அட்டை தொங்க, “அரசு உங்கள் தெருவைத் தேர்ந்தெடுத்திருக்கிறது” என்பவர்கள் பரப்புவது அது. இந்த மானியத்துக்காக அரசு எந்தத் தெருவையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு சாதாரண வீட்டில் ஹீட் பம்ப் பொருத்த மானியத்துக்கு முன் ஏறத்தாழ 12,000 முதல் 13,000 பவுண்டு ஆகிறது. மானியம் போக ஐயாயிரத்தை ஒட்டிய தொகை நம் பொறுப்பு. சிறிய வீடுகளில் இது குறையலாம். குழாய்களும் ரேடியேட்டர்களும் மாற்ற வேண்டிய வீடுகளில் கூடலாம். வேலைக்கும் பொருளுக்கும் வாட் வரி 2027 மார்ச் 31 வரை பூஜ்யம். “வாட் தனி” என்று கூடுதலாகக் கேட்பவரிடம் காரணம் கேளுங்கள்.

“எல்லாம் ஏமாற்று” என்பவர்களை மட்டும் நான் எளிதில் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் அவநம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது. 2020 செப்டம்பரில் ஆரவாரத்தோடு தொடங்கிய ‘கிரீன் ஹோம்ஸ் கிராண்ட்’ 6,00,000 வீடுகள் வரை மேம்படுத்துவதாகச் சொல்லி, 2021 மார்ச்சிலேயே மூடப்பட்டது. மேம்படவிருந்த வீடுகள் சுமார் 47,500 மட்டுமே என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. அதே அலுவலகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை இன்னும் கசப்பானது: எக்கோ உள்ளிட்ட திட்டங்களில் வீட்டின் வெளிச்சுவரில் ஒட்டப்பட்ட வெப்பக்காப்பு வேலைகளில் 98 சதவீதம், ஈரமும் பூஞ்சையும் பிடிக்கும் அளவுக்கு உடனேயோ பின்னரோ சரிசெய்ய வேண்டிய குறைகளோடு இருந்தன. இதில் அடிபட்டவர் “அரசுத் திட்டமே வேண்டாம்” என்று சொல்வதில் வியப்பில்லை. ஆனால் வெளிச்சுவர்க் காப்பு வேறு வேலை, வேறு திட்டம். ஒன்றின் குற்றத்தை மற்றொன்றின் தலையில் கட்டுவதால் நமக்கு நன்மை எதுவும் வரப்போவதில்லை. அந்த அறிக்கை நமக்குச் சொல்வது, வேலை செய்பவரின் தகுதியைச் சோதிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதுதான். ஹீட் பம்ப் மானியம், பொருத்தும் நிறுவனங்களுக்குத் தரச் சான்று வழங்கும் எம்.சி.எஸ். அமைப்பின் சான்று பெற்ற நிறுவனத்தின் வழியே மட்டும் கிடைக்கும். அந்தச் சான்று எண்ணை எம்.சி.எஸ். இணையதளத்தில் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அடுத்து, “மாடியிலும் சுவரிலும் காப்புப் போட்டு முடித்தால்தான் விண்ணப்பிக்கலாம்” என்பது. இது ஒரு காலத்தில் ஏறக்குறைய உண்மை. வீட்டின் ஆற்றல் சான்றிதழான ஈ.பி.சி.யில் மாடிக்கூரைக் காப்போ இடைவெளிச் சுவர்க் காப்போ பரிந்துரைக்கப்பட்டிருந்தால் அதை முடித்தாக வேண்டும் என்ற விதி இருந்தது. 2024 மே 8 முதல் அந்த விதி இல்லை. செல்லுபடியாகும் ஈ.பி.சி. இருந்தாலே போதும் என்று அப்போது ஆனது. காப்பு இருந்தால் வெப்பச் செலவு குறையும் என்பது வேறு விஷயம். மாடிக்கூரைக் காப்பைச் செய்யாமல் விடுவது வீண். மானியத்துக்கு அது இனி நிபந்தனை அல்ல.

“பழைய வீடுகளுக்கு ஒத்துவராது, இந்த ஊர்க் குளிருக்குத் தாங்காது” என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. ஐரோப்பாவில் ஹீட் பம்ப் மிகப் பரவலாக இருக்கும் நாடுகள் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து. பிரித்தானிய அரசே பணம் கொடுத்து விக்டோரியா காலத்து வீடு முதல் அடுக்குமாடி வரை 742 வீடுகளில் பொருத்திப் பார்த்தது; எந்த வகை வீடும் முற்றிலும் பொருந்தாதது என்று கண்டறியப்படவில்லை. லண்டனின் நெருக்கமான வரிசை வீடுகளில் நிஜமான தடை குளிர் அல்ல, இடம். வெந்நீரை உடனுக்குடன் சூடாக்கித் தரும் காம்பி பாய்லர் வைத்திருப்பவர்கள் வெந்நீர்த் தொட்டிக்கு ஓர் அலமாரி அளவு இடத்தை ஒதுக்க வேண்டும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நேர்மையாகப் பேச வேண்டிய நம்பிக்கை ஒன்று உண்டு: “மானியம் வாங்கிப் பொருத்தினாலும் மின்கட்டணம் முதுகை முறித்துவிடும்.” கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அலகு எரிவாயு 6 பென்ஸ், மின்சாரம் 25 பென்ஸ் என்று கொள்வோம். சில ஆண்டுகளாக விகிதம் ஏறத்தாழ இப்படித்தான், நான்கு மடங்கு. பாய்லர் எரிவாயுவில் 85 சதவீதத்தை வெப்பமாக்கினால், ஓர் அலகு வெப்பத்துக்கு 7 பென்ஸ். ஹீட் பம்ப் ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு வெப்பம் தந்தால் 8.3 பென்ஸ், 3.6 அலகு தந்தால் 7 பென்ஸுக்குச் சற்றுக் குறைவு. ஆக, சாதாரணக் கட்டணத் திட்டத்தில் மோசமாகப் பொருத்திய கருவி செலவைக் கூட்டும். நன்றாகப் பொருத்தியது பாய்லரோடு சமநிலையில் நிற்கும். ஹீட் பம்ப் வீடுகளுக்கென்றே உள்ள, நேரத்துக்கேற்ப விலை குறையும் மின்திட்டத்துக்கு மாறினால் மிச்சமாகும். அடுப்பையும் மின்சாரத்துக்கு மாற்றி எரிவாயு இணைப்பைத் துண்டித்தால், அதன் நிலைக்கட்டணமாக ஆண்டுக்குச் சுமார் 100 பவுண்டு மீதி.

கட்டணம் எகிறியதாகச் சொல்லும் வீடுகளில் காரணம் பெரும்பாலும் நம் பழக்கம். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் கொதிக்கக் கொதிக்கச் சூடேற்றி அணைத்துவிடுவது பாய்லருக்குப் பழகிய கை. ஹீட் பம்ப், 45 பாகை அளவில் மிதமான நீரை நாள் முழுக்க ஓடவிட்டு வீட்டைச் சூடாக வைத்திருக்கும் கருவி. அதைப் போட்டுப் போட்டு அணைத்தால் மின்சாரத்தைத் தின்னும். இதைக் கற்றுக்கொடுக்காமல் போகும் நிறுவனம் பாதி வேலைதான் செய்திருக்கிறது.

“வாடகைக்கு விட்ட வீட்டுக்குக் கிடைக்காது” என்பதும் பிழை. தனியார் வீட்டு உரிமையாளர் பெறலாம். இரண்டாவது வீட்டுக்கும் பெறலாம். வீடு வாங்கி வாடகைக்கு விடுபவர்கள் நம் சமூகத்தில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரியாமலிருப்பதன் குளிரை அனுபவிப்பவர்கள் குடியிருப்பவர்கள். சமூக வீட்டுவசதி நிறுவனங்களின் வீடுகளுக்கும், கட்டுமான நிறுவனம் கட்டி விற்கும் புது வீடுகளுக்கும் கிடையாது. பழைய பாய்லரைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் கலப்பு ஏற்பாட்டுக்கும் கிடையாது. ஸ்காட்லாந்தில் திட்டமே தனி: 7,500 பவுண்டு மானியத்தோடு வட்டியில்லாக் கடனும் உண்டு, ஒதுக்குப்புற ஊர்களுக்கு மானியம் 9,000. வட அயர்லாந்துக்கு இந்த 7,500 பொருந்தாது. ஹீட் பம்பின் வெளிக்கருவியைப் பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால்தான் கவுன்சிலின் கட்டட அனுமதி (பிளானிங்) தேவைப்படாது என்ற விதியும் இங்கிலாந்தில் 2025 மே மாதத்தோடு நீங்கிவிட்டது. ஓசை வரம்பு இன்னும் இருக்கிறது.

“சீக்கிரமே கேஸ் பாய்லரைப் பிடுங்கிவிடுவார்கள், இப்போதே கையெழுத்துப் போடுங்கள்” என்று அவசரப்படுத்துவோரும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் பாய்லரைக் கழற்றச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை.

இந்தப் பேச்சுகளெல்லாம் சேர்ந்து நம்மிடம் வாங்கும் விலை ஜனவரியில் தெரியும். பாய்லர் நின்றுபோகிறது, வீட்டில் குழந்தையோ முதியவரோ இருக்கிறார். ஹீட் பம்புக்கு வீட்டை அறை அறையாக அளந்து, வெப்ப இழப்பைக் கணக்கிட்டு, விண்ணப்பித்து, பொருத்த வாரக்கணக்கில் ஆகும். மறுநாளே வரத் தயாராக இருப்பவர் கேஸ் பாய்லர்க்காரர். மூவாயிரம் பவுண்டு கொடுத்து இன்னொரு பாய்லர் மாட்டப்படுகிறது. அடுத்த பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு அந்த வீட்டில் பேச்சு முடிந்தது. 7,500 பவுண்டும் கேட்பாரின்றிக் கிடக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்த முடிவல்ல அது. குளிர் எடுத்த முடிவு.

உங்கள் பாய்லர் பத்து வயதைத் தாண்டியிருந்தால், அது நன்றாக ஓடும்போதே, கோடை முடிவதற்குள், எம்.சி.எஸ். சான்றுள்ள இரண்டு நிறுவனங்களை அழைத்து வீட்டை அளக்கச் சொல்லுங்கள். விலைப்பட்டியலில் மானியம் கழிந்திருக்கிறதா, வெந்நீர்த் தொட்டி எங்கே வரும், எந்த ரேடியேட்டர்கள் மாற்ற வேண்டும், ஓர் அலகு மின்சாரத்துக்கு எத்தனை அலகு வெப்பம் எதிர்பார்க்கலாம் என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், அந்தத் தாள்களைப் பார்த்து முடிவெடுங்கள்.