ஐந்து விழுக்காடு என்பது எவ்வளவு?

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். பள்ளி சிதம்பரத்துக்கு அருகே. கணக்குப் பயிற்சித்தாளை ஞாயிறுதோறும் வீட்டு பிரிண்டரிலேயே எடுத்துவிடுவேன். எட்டாம் வகுப்பில் 36 பேர். இருவருக்கு ஒன்று என 18 தாள். பிரிண்டர் மலிவாகக் கிடைத்ததால் செலவைப் பற்றி யோசிக்கவில்லை. நான்காவது ஞாயிறு கடைசி இரண்டு தாள்கள் வெளிறிப்போய், பின்னக்கோடே தெரியாமல் வந்தன. கறுப்பு மைக் கார்ட்ரிட்ஜ் 900 ரூபாய். பெட்டியில் 180 பக்கம் என்று போட்டிருந்தது. எனக்கு உருப்படியாகக் கிடைத்தது 70.

ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். விழுக்காடு நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால் அந்தப் பெட்டியையே வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

இந்தப் பக்கக் கணக்கு, தாளின் பரப்பில் சுமார் 5 விழுக்காடு மட்டுமே மை படியும் என்று வைத்துச் சொல்லப்படுவது. ஏ4 தாள் 21 செ.மீ.க்கு 29.7 செ.மீ.; பரப்பு 623.7 சதுர செ.மீ. அதில் 5 விழுக்காடு ஏறத்தாழ 31. கட்டத்தாளில் 31 கட்டங்களை வெட்டி ஏ4 தாள்மேல் வைக்கச் சொன்னேன். "உள்ளங்கை அளவுகூட இல்லையே சார்!" என்றார்கள்.

அப்போது ஒரு மாணவி என் பயிற்சித்தாளை எடுத்து, "தலைப்புக்குப் பின்னாடி இருக்கிற கறுப்புப் பட்டை எவ்வளவு சார்?" என்றாள். அளந்தோம். 17-க்கு 2, அதாவது 34 சதுர செ.மீ.! அழகுக்காக நான் போட்ட பட்டை மட்டுமே ஒரு முழுப் பக்கத்துக்கான மையைக் குடித்திருக்கிறது. எழுத்துகளுக்கு 31 சேர்த்தால் 65. 180 பக்கத்துக்கான மொத்தப் பரப்பு 5,580. அதை 65-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 86 பக்கம்.

மீதி 16 பக்கம் எங்கே போயிற்று? இதை நான்தான் விளக்க வேண்டியிருந்தது. மை தெளிக்கும் துளைகள் தலைமுடியைவிட நுண்ணியவை. சும்மா கிடந்தால் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பை நீக்க பிரிண்டர் கொஞ்சம் மையை வெளியேற்றுகிறது; அது தாளுக்கு வராமல் உள்ளேயே வீணாகிறது. வாரம் ஒருமுறை மட்டும் இயக்கும் என்னைப் போன்றவர்களுக்குத்தான் இந்த இழப்பு அதிகம். போதாததற்கு, எழுத்து மங்கியதும் 'கிளீனிங்' பொத்தானை நானே இரண்டு முறை அழுத்தியிருந்தேன்.

பெட்டியில் இருந்த மை 6 மி.லி. ஒரு லிட்டர் என்ன விலை என்று கேட்டேன். ஒருவன் 15,000 என்றான்; பக்கத்திலிருந்தவன் இன்னொரு பூஜ்யத்தைச் சேர்த்தான். ஒன்றரை லட்சம். பெட்ரோல் விலை தெரிந்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

என் தாள் ஒன்றுக்கு மைச் செலவு மட்டும் ஏறக்குறைய 13 ரூபாய். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் ஒரு ரூபாய். அங்கே பயன்படுவது டோனர் என்னும் உலர்பொடி. அடைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை. இப்போது ஒரே ஒரு தாளை வீட்டில் எடுத்து, 17 நகல் கடையில் போடுகிறேன். 231 ரூபாய் ஆன இடத்தில் 30 ரூபாய்.

வீட்டு பிரிண்டரே வேண்டாம் என்பதல்ல. தினமும் அச்சடிப்பவருக்கு மைத்தொட்டி வைத்த பிரிண்டர் கட்டுப்படியாகும். வரைவு நிலையில் எடுத்தாலும் மை மிச்சம். சில பிரிண்டர்கள் கறுப்பு எழுத்துக்கும் வண்ண மையைக் கலக்கும். அமைப்பில் 'கறுப்பு மை மட்டும்' இருக்கிறதா என்று பாருங்கள். காலி கார்ட்ரிட்ஜ் மின்னணுக் கழிவு. வகுப்புக் குப்பைக்கூடையில் போட வேண்டாம்.

தலைப்பை இப்போது அந்த மாணவியே வெற்றுக்கோட்டு எழுத்தில் வரைந்து தருகிறாள். உள்ளே நிறம் தீட்டுவது அவரவர் பென்சிலால்.