துறைகள் பல, கேள்வி ஒன்று

'ஆராய்ச்சி' என்ற சொல்லைக் கேட்டதும், அது பட்டம் பல பெற்ற பெரியோர்க்கே உரிய பணி என்று நம் மாணவர் பலர் ஒதுங்கி நிற்கின்றனர். அவ்வாறு அஞ்சத் தேவையில்லை. தொல்காப்பியர் உரியியலில் 'ஆய்தல்' என்னும் சொல்லை, உள்ள பொருள் நுண்ணிதாதலைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றாக வைத்தார். உள்ளதை நுணுகிக் காண்பதே ஆராய்ச்சி என்று நாமும் கொள்ளலாம். அதற்குரிய எடுத்துக்காட்டுகளைத் தேடி எங்கும் போக வேண்டா. தாராவியும் மாட்டுங்காவும் செம்பூரும் போதும்.

இரத்தத் துளி சொன்ன செய்தி

2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அவ்வாண்டு ஜூலையில் மும்பை மாநகராட்சியும் நிதி ஆயோக்கும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் பிறரும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினர். மாட்டுங்காவை உள்ளடக்கிய எஃப் வடக்கு, செம்பூரை உள்ளடக்கிய எம் மேற்கு, தஹிசரை உள்ளடக்கிய ஆர் வடக்கு ஆகிய மூன்று வட்டங்களில் ஏறத்தாழ 6,900 பேரிடம் இரத்தம் எடுத்துச் சோதித்தனர். நோய் வந்து போனதற்கான அடையாளம் குடிசைப் பகுதியினரில் 57 விழுக்காட்டினரிடமும், பிற பகுதியினரில் 16 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது.

ஒரே நகர், ஒரே வட்டம், ஒரே நோய். இத்துணை வேற்றுமை ஏன்? இக்கேள்விக்கு எந்தத் துறை விடை கூறும்? இரத்தத்தில் உள்ளதை மருத்துவம் கூறும். ஒரு கழிப்பறையை எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர் என்பதைப் பொறியியல் கூறும். பத்தடி அறையில் அறுவர் வாழ நேர்ந்த காரணத்தைச் சமூகவியல் கூறும். அந்த ஒற்றை அறைக்குள் நோயாளியைத் தனித்து வைப்பது எப்படி என்பதைச் செவிலியர் அறிவர். வாசலில் வந்து நிற்கும் ஊழியரைக் கண்டு மக்கள் அஞ்சுவது ஏன், எந்த மொழியில் பேசினால் கதவு திறக்கும் என்பவற்றை மொழியும் வரலாறும் கற்றவர் அறிவர். கேள்வி ஒன்றுதான். துறைகளுக்கு இடையே சுவர் எழுப்பியவர்கள் நாமே.

ஒவ்வொரு துறைக்கும் ஒரு வாயில்

பொறியியல் மாணவர் குடிநீர்க் குழாயிலிருந்து தொடங்கலாம். சில மணி நேரமே நீர் வரும் குழாயில், நீர் நின்றபின் அழுத்தம் குறைகிறது. குழாயில் வெடிப்பு இருந்து, அருகே சாக்கடையும் ஓடினால், அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படும். மறுநாள் முதலில் வரும் நீரில் அது கலந்து வரும். இதனை அளந்து காண்பது ஆராய்ச்சி. 1887-இல் தோன்றிய வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கல்விக்கூடம் மாட்டுங்காவிலேயே இருக்கிறது. தாராவிக்கு அது தொலைவன்று.

செவிலியர் பணியை மருத்துவர்க்கு உதவும் பணி என்று மட்டும் எண்ணுவோர் உண்டு. அது தவறு. கிரிமியப் போரில் காயத்தால் இறந்த வீரரைவிட நோயால் இறந்தவரே மிகுதி என்பதை ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858-இல் கணக்கும் வரைபடமும் கொண்டு நிறுவினார். அவர் கையில் இருந்தது விளக்கு மட்டுமன்று, புள்ளிவிவரமும் இருந்தது. தாராவியை அடுத்த சயான் மருத்துவமனையில் 1989-இல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி என்று அதனைக் கூறுவர். குழந்தைக்கு எந்தப் பால் நலம் தரும் என்று தொட்டிலருகே நின்று பார்த்ததன் பயன் அது. காசநோயாளி ஒருவர் ஆறு மாத மருந்தை இரண்டு மாதத்தில் நிறுத்திவிடுகிறார் என்றால், அவரைக் கடிந்துகொள்வது எளிது. அவர் தையற்கூடத்தில் வேலை முடிப்பது எத்தனை மணிக்கு, மருந்தகம் மூடுவது எத்தனை மணிக்கு என்று வினவுவதே ஆராய்ச்சி.

வரலாறும் மொழியும் பயில்வோர்க்குத் தாராவி ஒரு பெரிய ஏடு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரின் வழியினர் அங்கு வாழ்கின்றனர். ஓவன் லிஞ்ச் என்னும் அமெரிக்க மானிடவியலார் தாராவி ஆதி திராவிடரின் அரசியல் எழுச்சியைப் பற்றி 1974-இல் கட்டுரை வெளியிட்டார். கடல் கடந்து வந்தவர் கேட்டு எழுதினார். நெல்லைத் தமிழோடு சால், கோலி, நாக்கா என்னும் மும்பைச் சொற்கள் கலந்து ஒலிப்பதை நாள்தோறும் கேட்கும் நாம் என்ன எழுதினோம்?

எண்ணப்படுவோரும் எண்ணுவோரும்

கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம், மும்பை ஜனதா காலனியில் வாழ்ந்தவர், கல்லூரி காணாதவர். 1976-இல் அக்குடியிருப்பு அகற்றப்பட்டது. குடிசைவாழ் மக்களின் தேசியக் கூட்டமைப்பை உருவாக்கியவர்களுள் அவர் தலையாயவர். அக்கூட்டமைப்பு 1986-இல் தாராவியில் வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்தது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்வதாக அக்கணக்கு காட்டியது. எண்ணப்பட்டுவந்த மக்களே எண்ணுவோரும் ஆயினர்!

கணக்கு வெறும் எண்ணன்று. தாராவி மறுசீரமைப்புக்காக 2024-இல் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000 ஜனவரி முதல் நாளுக்கு முன்பு தரைத்தளத்தில் குடியிருந்தவர்க்கு ஒரு விதி. அதன்பின் வந்தவர்க்கும் மாடியில் இருப்பவர்க்கும் வேறு விதி. பெட்டிக்கு அடியில் கிடக்கும் பழைய மின்கட்டணச் சீட்டு ஒரு குடும்பத்தின் இருப்பிடத்தையே முடிவு செய்துவிடலாம். பட்டியலில் விடுபட்டவர் வீட்டையும் இழக்க நேரும். எவரை எண்ணுவது, எவ்வாறு எண்ணுவது என்பதினும் பெரிய ஆராய்ச்சிக் கேள்வி இந்நகரில் உண்டோ?

தொடங்கும் முறை

முதலாவது, கேள்வி சிறியதாக இருக்கட்டும். 'தாராவியின் வறுமை' என்பது கேள்வியன்று. 'இந்தத் தெருவில் காலை ஐந்து மணிக்கு நீர் பிடிப்பவர் யார்?' என்பது கேள்வி.

இரண்டாவது, பிற துறை நண்பர் ஒருவரையேனும் துணை சேர்த்துக்கொள்ளுங்கள். பொறியாளர் காணாததைச் செவிலி காண்பார்.

மூன்றாவது, இசைவு கேட்டபின் வினவுங்கள். சொன்னவர் பெயரைக் காத்திடுங்கள். மறுத்தவரை வற்புறுத்தாதீர்கள்.

நான்காவது, முடிவைத் தமிழில் எழுதி, சொன்னவர் வாசலுக்கே கொண்டு சென்று படித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் அவரே திருத்துவார். அவரினும் தக்க தேர்வாளர் எவரும் இலர்.

நண்பர்களே! 1936-இல் நாக்பாடாவில் தோன்றிய சமூகப்பணிக் கல்விக்கூடம், 1954 முதல் செம்பூரை அடுத்த தேவனாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனமாக இயங்கி வருகிறது. நூலகங்களும் பேராசிரியர்களும் நமக்கு அருகிலேயே உள்ளனர். தாராவிப் பாட்டியிடம் தமிழில் பேசி, அவர் சொல்வதன் உட்பொருளை உணரும் வாய்ப்போ நமக்கு இயல்பாகவே கிடைத்திருக்கிறது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தாமல் விட்டால், நம் மக்களைப் பற்றிய நூல்களைப் பிறர் எழுத, நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்துகொண்டிருப்போம். வரும் விடுமுறையில் ஒரு தெருவும் ஒரு கேள்வியும் எடுத்துக்கொள்ளுங்கள்.