மூக்கோடு தொடர்பில்லாத சைனஸ்

திருத்தணி



பெற்றோரின் பரிசோதனை அறிக்கைகளைப் படித்துப் பொருள் சொல்லும் பொறுப்பு, வீட்டில் ஆங்கிலம் கற்ற இளையவரிடம் வந்து சேர்வது இன்றைய வழக்கம். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த இவ்வூரில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் கலந்து ஒலித்தாலும், ஆய்வகம் தரும் தாள் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான கலைச்சொற்களையும் ஆக்கித் தந்தார் என்பதை எண்ணும்போது, இந்நிலை சற்றே வருத்தம் தருவது. எனினும் ஆங்கிலம் தெரிவது மட்டும் இதற்குப் போதாது. ஊர்வழக்கில் ஒரு பொருளும் அறிக்கையில் வேறொரு பொருளும் தரும் சொற்களே பெரும்பாலும் வீணான கலக்கத்தை உண்டாக்குகின்றன என்பதை முதலில் அறிக.

இசிஜி தாளில் ‘நார்மல் சைனஸ் ரிதம்’ என்றிருப்பதைக் கண்டு, மூக்கடைப்பு நோய் நெஞ்சுக்கும் பரவிவிட்டதாக அஞ்சுவோர் உண்டு. இங்கே சைனஸ் என்பது இதயத்தின் வலது மேலறையில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவைக் குறிப்பதால், அத்தொடர் துடிப்பு முறையான இடத்திலிருந்து எழுகிறது என்ற நற்செய்தியையே சொல்கிறது. ‘பாசிட்டிவ்’ என்பது தேடிய பொருள் அகப்பட்டது என்றும், ‘நெகட்டிவ்’, ‘நான் ரியாக்டிவ்’ ஆகியன அகப்படவில்லை என்றும் பொருள்படும். ‘அக்யூட்’ என்பது அண்மையில் திடீரெனத் தோன்றியதையும், ‘க்ரானிக்’ என்பது நெடுநாள் நீடிப்பதையும் குறிப்பன. இவற்றில் எதுவும் நோயின் கடுமையை அளந்து சொல்வதில்லை. தைராய்டுக்கான டிஎஸ்எச் இன்னொரு விதமாக மயக்குவது: அது சுரப்பியை வேலை வாங்க மூளையடிச் சுரப்பி விடுக்கும் ஏவல் ஆதலால், ஏவல் மிகுந்திருப்பின் பொதுவாகச் சுரப்பி சோர்ந்திருக்கிறது என்று கொள்க.

‘ஃபாஸ்டிங்’ என்னும் சொல்லைக் கிருத்திகை விரதத்தோடு குழப்பிக்கொள்வது முருகன் குடிகொண்ட இவ்வூரில் இயல்பானதே. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர் பாலும் பழமும் உண்டு விரதம் காக்கலாம். ஆய்வகம் கேட்கும் பட்டினியில், எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், தண்ணீர் தவிர எதுவும் கூடாது. ஒரு டம்ளர் பால் அருந்திவிட்டுக் கொடுத்த இரத்தத்தில் சர்க்கரை 110 என்று வந்தால், அவ்வெண்ணைக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. ‘பிபிபிஎஸ்’ என்பதில் உள்ள பிபி இரத்த அழுத்தம் அன்று. அது உணவுக்குப் பிந்தைய சர்க்கரையைக் குறிப்பது; அதற்கு இரத்தம் கொடுக்கக் காத்திருக்கும் இரண்டு மணி நேரம், உண்ணத் தொடங்கிய வேளையிலிருந்து எண்ணப்படும்.

எண்ணுக்கு அருகே அச்சாகும் ‘ரெஃபரன்ஸ் ரேஞ்ச்’ என்னும் ஒப்பீட்டு வரம்பே யாவரும் நோக்குவதும், பலரும் தவறாக உணர்வதும் ஆகும். நலமுடன் இருப்போர் பலரை அளந்து, அவர்களில் நூற்றுக்கு 95 பேரின் அளவுகள் அடங்கும்படி அவ்வரம்பு பெரும்பாலும் வகுக்கப்படுவதால், நலமுள்ள ஐந்து பேர் அதற்கு வெளியே நிற்பது அதன் அமைப்பிலேயே உள்ளது. ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளை நலமுள்ள ஒருவருக்குச் செய்தால், குறைந்தது ஒன்றாவது வரம்பு மீறிக் காட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. ஆகவே, முழு உடற்பரிசோதனைத் தாளில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருப்பதை மட்டும் கொண்டு நோய் என்று துணியற்க. கருவியும் முறையும் மாறினால் வரம்பும் மாறும் என்பதால், ஓர் ஆய்வகத்தின் எண்ணை மற்றோர் ஆய்வகத்தின் வரம்போடு ஒப்பிடவும் வேண்டாம்.

மூன்று மாதச் சராசரி எனப்படும் எச்பிஏ1சி, சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கும் விழுக்காடு. அது 5.7க்குக் கீழிருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5 முதல் நீரிழிவு என்பது வழக்கிலுள்ள பகுப்பு. இரும்புச்சத்துக் குறைந்த இரத்தசோகையில் இவ்வெண் உண்மையைவிடக் கூடுதலாகவும், அண்மையில் மிகுந்த இரத்தம் இழந்தவரிடம் குறைவாகவும் வரக்கூடும் என்பதால், ஹீமோகுளோபின் வரியையும் சேர்த்தே படிக்க வேண்டும். கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்கும், ஆணுக்கு 13க்கும் குறைந்தால் இரத்தசோகை எனப்படும்.

ஸ்கேன் அறிக்கையின் கடைசியில் வரும் ‘இம்ப்ரெஷன்’ என்பது படத்தைக் கண்ட மருத்துவரின் கருத்து. அதனடியில் ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ வேண்டும் என்று எழுதியிருப்பது கைகழுவும் பேச்சன்று. படத்தைப் பார்த்தவர் நோயாளியைத் தொட்டுப் பார்க்கவில்லை ஆதலால், தொட்டுப் பார்த்தவரே முடிவு சொல்லட்டும் என்பது அதன் கருத்து.

பழைய தாள்களை நாள்வாரியாக ஒரே உறையில் வைத்திருக்க. சிறுநீரகத்தின் செயலைக் காட்டும் கிரியாட்டினின் சென்ற ஆண்டு 0.7 ஆகவும் இவ்வாண்டு 1.1 ஆகவும் இருப்பின், இரண்டும் வரம்புக்குள் அடங்குவதால் அச்சுத்தாள் எக்குறியும் இடாது; ஒருவரது உடலில் அவ்வுயர்வு சிறியதன்று. மருத்துவரிடம் செல்லும்போது, தடித்த எழுத்தில் இல்லாத அந்த வரியை முதலில் சுட்டிக்காட்டுக.

இங்ஙனம்,
மாமா