கட்டிக்குப் பெயர் தெரியட்டும்!



நம் உறுப்பினர் ஒருவர் குழுக் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் தனியாக வந்தார். "காது மடல்லயும் கன்னத்துலயும் கட்டி கட்டியா இருக்கு மேடம். ஒன்றரை வருஷமாச்சு. வலியே இல்ல" என்றார்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டிருக்கிறார். ஒரு இடத்தில் அலர்ஜி ஊசி, இன்னொரு இடத்தில் களிம்பு. காசு போனது, கட்டி போகவில்லை. என்ன கட்டி என்று யாரும் சோதிக்கவும் இல்லை.

ஊக்குநர் துணையோடு கோரிமேடு ஜிப்மர் தோல் நோய்ப் பிரிவுக்குப் போனார். காது மடலில் சின்னதாகக் கீறி, கசியும் நீரை எடுத்துப் பார்த்தார்கள். அது தொழுநோய் என்று தெரிந்தது.

எல்லாக் கட்டியும் ஒன்றல்ல

- மெதுவாக, அழுத்தினால் நகரும் கட்டி பெரும்பாலும் கொழுப்புக் கட்டி. பயமில்லை.
- கழுத்து, அக்குளில் நெறி கட்டி வாரக்கணக்கில் கரையாவிட்டால் காசநோயாகவும் இருக்கலாம்.
- வேகமாக வளர்ந்தால், கல் போல் இருந்தால், புண்ணாகி ரத்தம் வந்தால், மார்பில் கட்டி தெரிந்தால் உடனே போக வேண்டும்.
- வலியில்லாத தடிப்பு, உணர்ச்சியில்லாத தேமல், கை கால் மரத்துப் போவது தொழுநோயின் அறிகுறிகள்.

கண்ணால் பார்த்து மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. சில கட்டிக்கு ஊசியால் நீர் எடுப்பார்கள். சிலதற்கு மரத்துப் போக ஊசி போட்டு, சின்னத் துண்டு சதை எடுப்பார்கள். "கத்தி பட்டா பரவிடும்" என்பது வீண் பயம். முடிவு வர சில நாள் ஆகும். சீட்டைப் பத்திரமாக வைத்து, சொன்ன தேதிக்குத் திரும்பப் போக வேண்டும். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

தொழுநோய் என்றால்?

1873-ல் ஹான்சன் என்ற நார்வே மருத்துவர் கண்டுபிடித்த கிருமியால் வருவது. பாவமும் இல்லை, சாபமும் இல்லை. கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட வேண்டும். சிறுநீர் சிவக்கலாம், தோல் கறுக்கலாம். அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். வீட்டில் உள்ளவர்களையும் பரிசோதிக்க வேண்டும். தாமதித்தால் நரம்பு கெட்டு விரல் மடங்கிப் போகும்.

"வீட்டுக்காரர் தள்ளி வச்சிடுவாரோ?" என்று அந்தச் சகோதரி அழுதார். முன்பு தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கச் சட்டத்தில் இடம் இருந்தது. 2019-ல் அதை நீக்கிவிட்டார்கள். கணவரையும் கூட்டிப் போய் டாக்டரிடம் பேச வைத்தோம். இப்போது மாத்திரை அட்டையை அவரே எடுத்துக் கொடுக்கிறார்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் யாருக்காவது ஆறாத கட்டி, தேமல் இருக்கிறதா?
2. மருத்துவமனைக்குத் துணையாக யார் போவது?
3. பஸ் செலவுக்கு உள்கடன் தரலாமா?

வலிக்கவில்லை என்று விடாதீர்கள். பெயர் தெரிந்தால்தான் மருந்து தெரியும்!