நிரல் எழுதாமல் இணையக் கடை அமைத்தல்

தோட்டங்களை விட்டுக் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் பெயர்ந்த குடும்பங்களில், ஈப்போ கடை மசாலாவை இன்றும் கேட்பவர் உண்டு. அவர்களை எட்ட இணையதளம் வேண்டுமென்றால், "அது கணினி படித்த பிள்ளைகள் வேலை, நமக்கேன்?" என்று நம் வியாபாரிகளிற் சிலர் ஒதுங்கிவிடுகின்றனர். அந்த எண்ணம் இன்று பொருந்தாது என்பதைச் சற்று விளக்குவோம்.

பழைய அச்சுக்கூடத்தை நினைவுகூருங்கள். அச்சுக் கோப்பவர் ஈயத்தை உருக்கி எழுத்து வார்க்கவில்லை. யாரோ வார்த்த எழுத்தை எடுத்து அடுக்கினார், பத்திரிகை வந்தது. இங்கும் அவ்வாறே. கணினிக்குரிய கட்டளைத் தொடராகிய நிரலை வேறு சிலர் முன்பே எழுதி வைத்துள்ளனர். 2003-இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் தொடங்கிய வேர்ட்பிரஸ் அவற்றுள் ஒன்று. 2018 இறுதியில் வந்த 5.0 பதிப்பு முதல், தலைப்பு, படம், பொத்தான் முதலியவற்றைக் கட்டம் கட்டமாக எடுத்து வைத்தே பக்கம் அமைக்கலாம்.

ஆனால் படமும் முகவரியும் மட்டுமுள்ள பக்கம் வெறும் பெயர்ப்பலகைதான். வாடிக்கையாளர் கேட்க, அது பதில் சொல்ல வேண்டும். கல்யாண விருந்துக்கு மசாலா வேண்டி ஒருவர் வந்தால், "எத்தனை பேருக்கு? கோழியா, ஆடா? எந்தத் தேதிக்கு? வந்து எடுப்பீர்களா, அனுப்பவா?" என்று கேட்கிறோம் அல்லவா? அக்கேள்விகளைக் காகிதத்தில் வரிசையாக எழுதினால் முக்கால் வேலை முடிந்தது. கூகுள் படிவத்தில் அவற்றை அப்படியே இடலாம். "அனுப்புங்கள்" என்பவருக்கு மட்டும் முகவரி கேட்கும் பகுதி திறக்கும். "வந்து எடுக்கிறேன்" என்பவர் கடை நேரம் உள்ள பகுதிக்குப் போவார். பதில்கள் விரிதாளில் வரிசையாக வந்து விழும். தலைக்கு இத்தனை கிராம் என்று பெருக்க அங்கே ஒரு சூத்திரம் போதும். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பது கல்லாவில் இருப்பவருக்குத்தான் தெரியும். பிள்ளைகளிடம் விட்டால் முதலில் வண்ணம் தேடுவார்கள்!

தமிழை யூனிகோடில் எழுதுக. பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்கினால், எதற்கென்று படிவத்திலேயே தெரிவிக்க வேண்டும். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வியாபாரிகளுக்கும் உரியது.

இனிச் சொல்வதே பெரிது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் கித்தாத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அந்நிலை கண்டே, சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்துக் கடைக்காரருக்குக் கடை இருந்தது, நிலம் இல்லை. தோட்டம் கைமாறியபோது அவருடைய வாடிக்கையும் பற்றுப் புத்தகமும் என்னவாயின என்று பெரியவர்களைக் கேளுங்கள். 1999-இல் யாகூ வாங்கிய ஜியோசிட்டிஸில் எண்ணற்றோர் இலவசமாகப் பக்கம் வைத்திருந்தனர். 2009 அக்டோபரில் அமெரிக்காவில் அதை மூடிவிட்டார்கள்.

ஆகவே தளத்தின் முகவரியை, அதாவது டொமைனை, உங்கள் பெயரிலேயே பதியுங்கள். அமைத்துத் தந்தவர் பெயரில் வேண்டாம். வேர்ட்பிரஸில் எழுதியவற்றைக் கோப்பாக இறக்கி வேறிடத்துக்குக் கொண்டுபோக வழியுண்டு. விரிதாளையும் மாதமொருமுறை இறக்கி வையுங்கள். தளத்தைத் திறக்குமுன், கைப்பேசியில் அதிகம் பழகாத உறவினர் ஒருவரை வெளியூரிலிருந்து ஒரு கிலோ மசாலா கேட்கச் சொல்லுங்கள். அவர் எந்தக் கேள்வியில் தடுமாறுகிறாரோ, அதை மாற்றி எழுதிவிட்டுத் திறக்கலாம்.